வெளியில் சொல்லக்கூடாத புளியங்கொட்டை

காது மந்தமானவர்களிடம் ரகசியம் சொல்ல முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன். பட்டப்பகலில், மொட்டை மாடியில், துணி காயப்போட்டுக்கொண்டே, ஒரு சத்தமும் எழுப்பாமல் சொன்னேன். பக்கத்து வீட்டு மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த பெண்மணி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. காதில் செருகிக்கொள்ளும் இயர்போன்களைப் பெட்டிக்குள் போவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் டெஸ்டிங் பிரிவு. யாருக்காகச் செய்கிறோம் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் கையெழுத்தை ஒரே ஒருமுறை மீறினேன், சரியாகச் சொன்னால் இரண்டு முறை. மூன்றாவது முறைக்கு எனக்குத் தெம்பில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த புதிதில், பயிற்சி வகுப்பில் ஒருவர் எங்களுக்கு இரண்டு காரணம் சொன்னார். அடுத்து என்ன வரப்போகிறது என்று வெளியே தெரிந்தால் போட்டிக் கம்பெனிக்காரன் நமக்கு முன்னாலேயே செய்து கடையில் வைத்துவிடுவான். அதோடு, புதுசு வருகிறது என்று தெரிந்தால் கடையில் இருக்கிற பழசை யாரும் வாங்க மாட்டார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அப்போ எங்க அம்மாட்ட கூட நான் என்ன வேலை பாக்கேன்னு சொல்லக் கூடாதா சார்?" என்று கேட்டேன். "இயர்போன் செய்றேன்னு சொல்லும்மா. எந்த இயர்போன்னு சொல்லாத" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தீபாவளிக்கு முன்னால் ஜவுளிக்கடைக்காரர் புது டிசைனைப் பரணில் ஒளித்து வைப்பது மாதிரிதானே இது, இதற்கு ஏன் இத்தனை அலட்டல் என்றுதான் அன்று நினைத்தேன்.

போகப் போகத்தான் பிரமிப்பு வந்தது. வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சேலையில் குத்திய ஊக்குக்குக் கூடக் கத்தும் ஒரு கதவு வழியாக உள்ளே போக வேண்டும். புது மாடலின் வேலை நடக்கும் அறைக் கண்ணாடியில் பழுப்புத் தாள் ஒட்டியிருக்கும். அந்த மாடலுக்குப் பெயர் கிடையாது, ஒரு எழுத்தும் இரண்டு எண்ணும்தான். நாங்கள் வைத்த பெயர் புளியங்கொட்டை. பார்க்க அப்படித்தான் இருக்கும், கறுப்பாக, வழவழவென்று. எனக்குத் தெரிந்தது வலது காதுப் புளியங்கொட்டை மட்டும். இடது காது எந்த லைனில் ஓடுகிறது, யார் கையில் இருக்கிறது, ஒன்றும் தெரியாது. ஷிஃப்ட் முடிந்ததும் வரிசையாக நிற்கும் பஸ்களில் ஏறி ஆயிரக்கணக்கானவர்கள் ஊர் ஊராகப் பிரிந்து போவோம். ஆளுக்கு ஒரு திருகாணி அளவு ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பரோட்டா தின்னப் போவோம். இத்தனை வாய்கள் எப்படி மூடிக் கிடக்கின்றன என்று பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பல நாள் வியந்திருக்கிறேன்.

ஒருநாள் அந்தத் தாள் ஒட்டிய அறைக்குள் எங்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டார்கள். புளியங்கொட்டையைக் காதில் போட்டு நடந்து பார்க்க வேண்டும், வலிக்கிறதா, விழுகிறதா என்று சொல்ல வேண்டும். என்னைக் கவனித்துக்கொண்ட இன்ஜினியர் என்னைவிட வயதில் சின்னவர், தண்டலம் பக்கக் கல்லூரியில் படித்தவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். பாட்டு எதுவும் ஓடவில்லை. சும்மா நின்றேன். அவர் கையிலிருந்த கம்பெனிச் சோதனைப் போனில் எதையோ தொட்டார்.

அடுத்த நொடி எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அறையின் கோடியில் ஒருவர் தாளைப் புரட்டும் சத்தம் என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. என் தலைத்துணி காதில் உரசுவது கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் தாழ்ந்த குரலில் பேசியதில் "கத்திரிக்கா கொழம்பு" என்பது தெளிவாக வந்து விழுந்தது. மேலே தகரக் கூரையில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அத்தனை வருடம் அந்தக் கட்டிடத்துக்குள் வேலை பார்த்திருக்கிறேன், வெளியே மழை பெய்கிறது என்று உள்ளே நின்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. கடவுள் காது என்று ஒன்று இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

"இது காது கேக்காதவங்களுக்கா மேடம்?" என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். பிறகு, "ஆமாக்கா. இந்த மாடல்லயே வரலாம்" என்றார்.

வரலாம். தமிழ் தெரிந்த யாருக்கும் அந்தச் சொல்லின் எடை தெரியும். வந்தாலும் வரும், வராமலும் போகும். ஆனால் காதில் மழையைக் கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு அதன் வால் கேட்கவில்லை. வரும் என்றுதான் கேட்டது. அறையிலிருந்து வெளியே வரும்போது என் மனதில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது.

அது என் வீட்டுக்கார அக்காவின் முகம். படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், மெயின்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அவர்களுடைய வீடு. கீழே அக்காவும் அவர் கணவரும், மாடியில் ஒற்றை அறையில் நான். அவரை நான் அண்ணன் என்பேன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அக்காவுக்கு ஒரகடத்தில், காருக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் பிரஸ் ஷாப்பில் பன்னிரண்டு வருடம். காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்த பஞ்சை அரிக்கிறது என்று பாதி நாள் பையிலேயே வைத்திருந்தவர். அந்த இரைச்சலில் யாரும் குரலால் பேசுவதில்லை, உதட்டால் பேசிக்கொள்வார்கள். சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்து வம்பு, சமையல், மாமியார் சண்டை எல்லாம் பேசி முடிப்பார்கள். அதனால் காது போய்க்கொண்டிருப்பது அக்காவுக்கே ரொம்ப நாள் தெரியவில்லை. அவரோடு பழகி எனக்கும் உதட்டுப் பேச்சு வந்துவிட்டது.

தொழிற்சாலையில் வருடா வருடம் நடக்கும் மெடிக்கல் சோதனையில் அந்த முறை அகப்பட்டுக்கொண்டார். பாதுகாப்பு அதிகாரி தவணை கொடுத்தார். நான்கு மாதத்தில் மறுபடி சோதிப்பார்கள், மெஷின் வைத்தோ வைக்காமலோ அபாய மணி காதில் விழுந்தாக வேண்டும், இல்லையென்றால் ஷாப்புக்குள் நிற்க முடியாது. வாலாஜாபாத்தில் ஒரு முகாமில் காது மெஷின் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று அண்ணன் எங்கெங்கோ அலைந்து டோக்கன் வாங்கி வந்தார். முகாம் நோட்டீஸில் இருந்த மெஷின் படம், காதுக்குப் பின்னால் வெல்லக் கட்டியைத் தொங்கவிட்டது மாதிரி இருந்தது. அக்கா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"இத்த மாட்டிக்கினு நான் பஸ் ஸ்டாண்டுல நின்னா செவிடு நிக்குதுன்னுதான் சொல்வானுங்க. எனக்கு இன்னா வயசா ஆயிட்ச்சி? பொண்ணுக்கு ஒரு எடம் பாக்கசொல்ல, அம்மாவுக்கு காது கேக்காதான்னு கேப்பாங்க" என்றார். மகள் காஞ்சிபுரத்தில் விடுதியில் தங்கி நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மொட்டை மாடி. அக்கா கொடியில் போர்வையை உதறிப் போட்டார். நான் அதன் மறுமுனையைப் பிடித்தேன். எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லக் கூடாது என்பதும் தெரியும். கடைசியில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. குரலை அடக்கிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தேன். சத்தம் வராததால் நான் எதையும் வெளியே சொல்லவில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

"பொறுங்கக்கா. எங்க கம்பெனில ஒண்ணு செய்யுதோம். பாட்டு கேக்கிற இயர்போன் மாதிரிதான் இருக்கும். போட்டா எல்லாம் கேக்கும். ஒருத்தருக்கும் தெரியாது."

அக்காவும் உதட்டாலேயே கேட்டார். "எப்போ?"

"இந்த மாடல்லயே. ரெண்டு மாசத்துல வந்துரும்."

வரலாம் என்று கேட்டவள் வந்துரும் என்று சொன்னேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. அக்காவின் முகம் மலர்ந்த அழகுக்காக நானாகச் சேர்த்துக்கொண்ட உறுதி அது. கூடவே, "அண்ணன்ட்ட கூடச் சொல்லாதீங்க. தெரிஞ்சா என் வேலை போயிரும்" என்றேன். அவர் போர்வைக்கு மேலாக எட்டி என் கன்னத்தைத் தட்டினார்.

முகாம் நடந்த அன்று அக்கா போகவில்லை. டோக்கனைத் தன்னோடு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம், அவளுடைய மாமனாருக்காகக் கொடுத்துவிட்டார். அண்ணனிடம் உடம்பு சரியில்லை என்றார். அதன் பிறகு தினமும் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது அக்கா வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார், புருவத்தை மட்டும் லேசாகத் தூக்குவார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். சரி என்று உள்ளே போய்விடுவார். ஒருநாள்கூட சலித்துக்கொள்ளவில்லை.

இரண்டரை மாதம் கழித்துப் புது மாடல் வெளியானது. கேன்டீன் டிவியில் விளம்பரம் ஓடியது. எங்கள் புளியங்கொட்டைதான், நான்கு நிறங்களில் சுற்றிச் சுற்றி வந்தது. நாங்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளை மேடை ஏறியது போல வாயைப் பிளந்து பார்த்தோம். சார்ஜ் நிற்கும் என்றார்கள், வியர்வை பட்டாலும் ஒன்றும் ஆகாது என்றார்கள். நான் அந்த ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தேன். விளம்பரம் முடிந்துவிட்டது.

சின்ன இன்ஜினியரைத் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் பிடித்தேன். "மேடம், அந்தக் காது கேக்கிற விஷயம்?"

"எடுத்துட்டாங்கக்கா. ரெண்டு மாசம் ஆச்சு."

"ஏன்?"

அவர் நிதானமாகச் சொன்னார். சிலருடைய காதில் அது கீச்சென்று அலறியிருக்கிறது. சத்தத்தைப் பெருக்கிக் காதுக்குள் அனுப்புவது மருந்து கொடுப்பது மாதிரி, அளவு தப்பினால் இருக்கிற காதும் போய்விடும். அதற்கு வாங்க வேண்டிய அனுமதியும் வரவில்லை. சரியாகும் வரை தள்ளி வைத்துவிட்டார்கள். அடுத்ததில் வருமா என்றால் அதுவும் தெரியாது.

"அதனாலதான்க்கா வெளில சொல்றதில்ல. போட்டிக்காரனுக்கு பயந்துன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பாதி அதுதான். ஆனா உள்ள செஞ்சு பாக்குறதுல பாதிக்கு மேல வெளிலயே வராது. பொண்ணு பாத்துட்டுப் போனதுமே ஊருக்கெல்லாம் சொல்வாங்களா? தட்டு மாத்துன அப்புறம்தான சொல்வாங்க. முன்னாடியே சொல்லி அது நின்னு போனா, நம்பி உக்காந்தவங்க நிலைமை என்னாகும்?"

நம்பி உட்கார்ந்திருந்தவர் அன்று மாலையும் வாசலில் நின்றிருந்தார். புருவத்தைத் தூக்கினார். "வரலைக்கா. அதை எடுத்துட்டாங்களாம்" என்றேன், இந்த முறை குரலும் சேர்ந்தே வந்தது. அவர் தூக்கிய புருவத்தை இறக்கினார். "சர்தான். நீ போய் சாப்டு, மூஞ்சி வாடிக் கீது" என்றார். ஏமாற்றிய எனக்குத்தான் சோறு ஞாபகப்படுத்தினார்.

மறு மெடிக்கல் வரைக்கும் கூட விஷயம் போகவில்லை. அடுத்த வாரமே ஷாப்பில் பாரம் தூக்கும் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்திருக்கிறது. அக்கா திரும்பவில்லை. யாரோ கையைப் பிடித்து இழுத்ததில் முழங்கை சிராய்ப்போடு தப்பினார். காண்ட்ராக்டர் நல்ல விதமாகத்தான் பேசினாராம். உயிர் முக்கியம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை கீழே அண்ணன் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. கேட்க வேண்டியவருக்கு மட்டும் பாதிதான் கேட்டிருக்கும்.

"டோக்கன இன்னாத்துக்கு குட்த்த? அத்த சொல்லு. நாயா அலைஞ்சி வாங்கினு வந்தன். அன்னிக்கு போயி மாட்டிக்கினு வந்திருந்தா இன்னிக்கு வேல போயிருக்குமா? வாயத் தொற."

அக்கா வாயைத் திறக்கவில்லை. மாமியார் ஒருபக்கம் போனில் திட்டினார். மகளும் அழுதுகொண்டே கேட்டிருக்கிறாள். வீம்பு, திமிர், அழகு குறைந்துவிடும் என்று பார்த்தாள், இப்படி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மூன்றாவது நாளும் அதே கேள்வி, அதே மௌனம். நான் மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். என் பெயர் எங்கேயும் வரவில்லை. ஒரு தொழிற்சாலை கதவும் பூட்டும் காவலும் போட்டுக் காப்பாற்றும் ஒன்றை இந்த அம்மாள் வெறும் உதட்டை இறுக்கிக்கொண்டு காப்பாற்றினார். எனக்குப் பயமாகக்கூட இருந்தது, அப்படி ஒரு திடம்.

மூன்றாம் நாள் இறங்கிப் போய்விட்டேன். அண்ணன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கதவோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அண்ணே, அவங்களைத் திட்டாதீங்க. தப்பு என்னோடது" என்று ஆரம்பித்து அறை, மழை, வரலாம், வந்துரும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அதுதான் என் இரண்டாவது மீறல். பாதியில்தான் அக்கா என் உதட்டைக் கவனித்தார். கீரைத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இன்னாத்துக்கு இப்ப சொன்ன நீ? மூணு மாசமா புருசன் கைல கூட சொல்லாம வச்சினு கீறன். ஒரு நிமிசத்துல போட்டு ஒடைக்கிற. அறிவு கீதா உனக்கு?"

அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான். ஏமாற்றியதற்கு வராத கோபம் உண்மையைச் சொன்னதற்கு வந்தது. அண்ணன் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் ஒண்ணியும் கேக்கலம்மா" என்றார். "நீ கம்பெனிக்குப் போ. பஸ்ஸு போயிடப் போவுது."

அதன் பிறகு அந்த வீட்டில் டோக்கன் என்ற பேச்சே எழவில்லை. மாமியார் அடுத்த முறை போனில் ஆரம்பித்தபோது, "அது நான் தேதிய மாத்தி சொல்லிட்டன்மா" என்று அண்ணன் பழியைத் தன் மேல் இழுத்துக்கொண்டதை நான் படியில் நின்று கேட்டேன். ரகசியம் இப்போது மூன்று பேரிடம் இருந்தது, எங்கேயும் ஒழுகவில்லை.

இப்போது அந்த மாதிரி இயர்போன்கள் கடைகளிலேயே வந்துவிட்டன என்கிறார்கள். எங்கள் அறையில் இருந்தது அதுதானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். பயந்து சொல்லவில்லை என்று நினைக்க வேண்டாம். சொல்லாமல் இருப்பதிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது என்று எனக்கு இப்போது புரிகிறது.

அடுத்த முகாம் வர ஐந்து மாதம் ஆனது. இந்த முறை டோக்கனுக்கு நானே வரிசையில் நின்றேன், லீவு போட்டு நானே அக்காவை வாலாஜாபாத்துக்கு அழைத்துப் போனேன். பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் மெஷினை அக்காவின் காதுக்குப் பின்னால் மாட்டி எதையோ திருகினார். தாமதமாக வந்திருக்கிறீர்கள், சத்தம் உடனே கேட்கும், பழகிய குரல் பக்கத்தில் பேசினால் புரியும், மற்ற பேச்சு பிரிந்து புரியக் கொஞ்ச நாளாகும், பொறுமையாகப் பழக வேண்டும் என்றார்.

அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். தன் வளையல்களை ஆட்டிப் பார்த்தார், மறுபடி ஆட்டிப் பார்த்தார். வெளியே பிள்ளைகள் விளையாடும் இரைச்சல் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி அப்படியே இருந்துவிட்டார். அந்த முகத்தை என்னால் விவரிக்க முடியாது. தகரக் கூரைக்குக் கீழே அன்று நான் நின்ற நிலைதான் அது, ஆனால் எனக்கு அது கூடுதலாகக் கிடைத்தது, அவருக்குத் தொலைந்தது திரும்பி வந்தது.

என் வாயைப் பார்க்காமல் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை நாளும் எனக்குள் அரித்துக்கொண்டிருந்ததை மெதுவாகத்தான் கேட்டேன்.

"அண்ணன்ட்டயாவது சொல்லியிருக்கலாம்லக்கா. ஏன் அத்தனை பேச்சு வாங்கினீங்க?"

அவர் திரும்பாமலேயே பதில் சொன்னார்.

"என் வேலதான் போயிட்ச்சி. ஒரே வூட்ல ரெண்டு பொம்பளைக்கும் வேல போவணுமா இன்னா?"